மேல்கணக்கு மழை

ராகலை கடைவீதியில் இருக்கும் ஷாமிலாவின் தையல் கடைக்கு வந்த தாளில் ஒரே ஒரு எழுத்துதான் பிழையாக இருந்தது. வலப்பனைப் பக்கத்துச் சுற்றாடல் மன்றம் ஒன்று தன் கூட்டத்துக்குப் பதாகை கேட்டிருந்தது. பிளாஸ்டிக் வேண்டாம், துணியில் எழுத்துகளை வெட்டித் தைத்துத் தாருங்கள் என்று மன்றத்தின் அமைப்பாளர் தில்ருக்ஷி நேரிலேயே வந்து சிங்களத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மேலே இருந்த சிங்கள வரி சரியாக இருந்தது. கீழே தமிழில், 'மண்சிரிவு அபாயத்தைக் குறைப்போம்' என்று எழுதியிருந்தது.

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு ஷாமிலா சிரித்தாள். கணவன் ஃபாஸில் எட்டிப் பார்த்து, மண் எப்போதிருந்து சிரிக்கத் தொடங்கியது என்று கேட்டான். சிரிப்பு சட்டென்று அடங்கியது. ஷாமிலாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, வலப்பனைக்கு மேலே அவர்கள் குடியிருந்த வீடு ஒரு மழைநாளில் மண்ணுக்குள் போயிருந்தது. அது ஃபாஸிலுக்கும் தெரியும். அவன் நீலத்துணியைத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவள் அந்த ஓர் எழுத்தைத் திருத்தி வெட்டினாள்.

பதாகையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது திருத்தியதைச் சொன்னாள். தில்ருக்ஷிக்கு முகம் சிவந்துவிட்டது. தங்களிடம் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை, கூட்டம் முடியும்வரை இருக்க முடியுமா என்று கேட்டாள். கடையில் வேலை கிடந்தது. ஆனால் மண்டபத்தின் பின்வரிசைகளில், அன்றைய பேரை, அதாவது அந்த நாள் கூலியை, இழந்துவிட்டு லொறியில் வந்திருந்த முப்பது தோட்டத்துப் பெண்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, புரியாத பேச்சுக்கு மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபின் ஷாமிலாவால் வெளியே போக முடியவில்லை.

அதுவரை அவள் ஒலிவாங்கியைத் தொட்டது கிடையாது. தில்ருக்ஷி சொல்லச் சொல்ல, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். உலகம் சூடாவதால் மழை வெயிலின் போக்கே மாறிவிட்டது, மாதம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை இப்போது இரண்டு நாளில் கொட்டிவிடுகிறது, மலை அதைத் தாங்காது என்றாள். ஒரு நாளில் எழுபத்தைந்து மில்லிமீற்றரைத் தாண்டினால் கவனமாக இருக்க வேண்டும், நூற்றைத் தாண்டினால் ஆயத்தமாக வேண்டும், நூற்றைம்பதைத் தாண்டினால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்றாள். பின்வரிசைகளில் முதுகுகள் நிமிர்ந்தன.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் வினோதா, சின்னமலைத் தோட்டத்தின் மேல்கணக்கு என்றாள். அங்கே தோட்டத்தின் பிரிவைக் கணக்கு என்றும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்றும்தான் சொல்வார்கள்.

"நூத்தம்பது தாண்டினா வெளிய போகணும்ங்கிறீங்க. லயத்து வாசல்ல நின்னுக்கிட்டு, பெய்யிறது நூறா நூத்தம்பதான்னு நாங்க எப்பிடிங்க தெரிஞ்சிக்கிறது?"

ஷாமிலா அதைச் சிங்களத்தில் சொன்னாள். தில்ருக்ஷி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு தோட்டங்களுக்கு மழைமானிகள் போயின. மேல்கணக்கு மானிக்கு வினோதா பொறுப்பு. காலை ஆறரைக்கு, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அவள் அளவைப் பார்ப்பாள். போனில் எழுத்துத் தட்டுவது அவளுக்குச் சிரமம். அதனால் குரல் செய்தியாக ஷாமிலாவுக்கு அனுப்புவாள். ஷாமிலா எல்லாத் தோட்டத்து அளவுகளையும் சிங்களத்தில் எழுதி மன்றத்துக்கு அனுப்புவாள். மாவட்டத்திலிருந்து வரும் எச்சரிக்கைகள் அநேகமாகச் சிங்களத்தில் மட்டும் வரும், தமிழில் வந்தாலும் பிந்தித்தான் வரும். அவற்றைத் தமிழில் பேசிப் பன்னிரண்டு தோட்டங்களுக்கும் அனுப்புவதும் அவள் வேலையானது. யாரும் அவளை நியமிக்கவில்லை. கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தில்ருக்ஷி கேட்டாள், அவள் சரி என்றாள். அவ்வளவுதான்.

முதல் மாதம் வினோதாவிடமிருந்து இலக்கம் மட்டும்தான் வந்தது. "அக்கா, பதினேழு." "அக்கா, முப்பத்தொண்ணு." பிறகு இலக்கத்துக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சேரத் தொடங்கியது. காற்றில் கூரைத் தகரம் இரண்டு எழுந்து நிற்கிறது. சின்ன மகளுக்குக் காய்ச்சல். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் புருஷன் இந்த மாதமும் வரவில்லை. பெப்ரவரியில் ஒரு காலை அவள் குரல் மெதுவாக வந்தது.

"அக்கா, இன்னைக்கும் ஒண்ணுமில்ல. முப்பத்திநாலு நாளாச்சு. பீலியில தண்ணி நூலாட்டம் வருது. கொழுந்தெல்லாம் கருகிப்போய் நிக்குதுங்கக்கா, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய். மேல்கணக்கின் இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் அதுதான் தண்ணீர். ஷாமிலா அந்தச் செய்தியை இரண்டு முறை கேட்டாள். எப்போதுமே அப்படித்தான், இலக்கத்துக்காக ஒரு முறை, அந்தக் குரலுக்காக இன்னொரு முறை. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஆறரைக்கு மேல் ஐந்து நிமிடம் பிந்தினாலும் தேநீர்க் கோப்பையோடு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பாள். "ஒங்கட கூட்டாளி இன்னம் பேசல்லியா?" என்று ஃபாஸில் கேட்பான். கேலி மாதிரித்தான் கேட்பான், ஆனால் செய்தி வந்தால் அவனும் தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காதுகொடுப்பான்.

தன் பேச்சில் எப்போது 'நீங்க' போய் 'நீ' வந்தது என்று ஷாமிலாவுக்கே தெரியாது. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு மானி பார்க்கப் போகாதே என்று ஏசியபோது வந்திருக்க வேண்டும்.

ஜூனில் ஒரு பிழை நடந்தது. மாவட்டத்திலிருந்து வெளியேறச் சொல்லி எச்சரிக்கை வந்தது. ஷாமிலா உடனே அதைத் தமிழில் சொல்லி அனுப்பினாள். வினோதா லயம் முழுக்க ஓடினாள். இருபத்திரண்டு குடும்பங்களும் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயின. பத்து மணிக்கு வெயில் அடித்தது. அன்றைய பேர் எல்லாருக்கும் போயிற்று. மறுநாள் பெரட்டில் வினோதாவைப் பார்த்து, இன்றைக்கு எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள் மறுபடியும் வெறும் இலக்கம் மட்டும் வந்தது. 'அக்கா' கூட இல்லை. ஐந்தாம் நாள் ஷாமிலாதான் முதலில் பேசினாள். தையல் இயந்திரத்தின் மேல் போனை வைத்துக்கொண்டு, யாருக்கும் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"வினோதா, என்னய ஏசு. பேசாம மட்டும் இருக்காத. எனக்கு ஒம்பது வயசுல எங்கட வீடு மண்ணோட போச்சு. பக்கத்து வீட்டு சிங்கள அம்மா ஓடி வந்து கதவத் தட்டினா. வாப்பாக்கு அவ சொன்னது விளங்கினிச்சு, நாங்க வெளிய வந்தோம். கொஞ்சம் கீழ ஒரு தோட்டத்துக் குடும்பம் இருந்திச்சு. அவங்களுக்கும் அவ போய்ச் சொன்னா. அவ என்ன சொல்றான்னு அவங்களுக்கு விளங்கல்ல. அந்த வீட்டுப் புள்ளயோட நான் வெளையாடுவேன். அதனாலதான் எனக்கு வாய மூடிக்கிட்டு இருக்க ஏலாம இருக்கு."

பதில் வர ஒரு மணி நேரம் ஆனது. "அக்கா, பன்னெண்டு," என்று தொடங்கினாள். "ஒங்க மேல கோவம் இல்லக்கா. எனக்கு வெக்கமாப் போச்சு, அதான். நாளைக்குப் பேசுறேன்."

ஓகஸ்டில் லயங்களுக்கு மேலே நிற்கும் காட்டுத் துண்டில் தோட்ட நிர்வாகத்தார் மரங்களுக்குச் சிவப்பு மை பூசினார்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதன் ஒரு பக்கத்தை ஏற்கெனவே வெட்டி விற்றிருந்தார்கள். மிச்சத்தையும் இப்போது வெட்டப் போகிறார்கள் என்று வினோதா சொன்னாள். பன்னிரண்டு தோட்டங்களும் சேர்ந்து எழுதிய முறைப்பாட்டை மன்றம் மேலே கொண்டுபோனது. செப்ரெம்பரில் நுவரெலியாவில் விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். அதில் பேசக்கூடாது, பேசினால் வேலை கஷ்டமாகும் என்று கண்டாக்கு வினோதாவிடம் சாடையாகச் சொல்லியிருந்தார். வெளிக்கள மேற்பார்வை முழுக்க அவர் கையில்தான். அந்தப் பயத்தோடுதான் அவள் வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஷாமிலாவின் கையைப் பிடித்தவள், மண்டபத்துக்குள் போகும்வரை விடவில்லை.

கூட்டத்தில் தோட்ட நிர்வாகத்தின் சார்பில் வந்தவர் நன்றாகப் பேசினார். மரங்கள் முற்றியவை, வெட்டிவிட்டுப் புதிதாக நடுவோம் என்றார். வினோதாவின் முறை வந்தது. அவள் பதினொரு மாத மழை அளவு எழுதிய கொப்பியை மேசையில் வைத்தாள். பிறகு பையிலிருந்து இரண்டு சோடாப் போத்தல்களை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் தெளிந்த தண்ணீர், மற்றதில் செம்மண் குழம்பு.

"ரெண்டும் ஒரே நாள் மழங்க. முந்தாநேத்து பேஞ்சது, அறுபத்திரண்டு மில்லிமீற்றர். இது மரம் நிக்கிற பக்கத்து ஓடையில புடிச்சது. அது மரம் வெட்டின பக்கம். எங்க லயம் ரெண்டுக்கும் கீழதான் இருக்கு. நாத்து நடுவீங்க, சரி. அது வேர் புடிக்கிற வரைக்கும் நாங்க எங்க போய் இருக்கிறது?"

ஷாமிலா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அதைச் சிங்களத்தில் சொன்னாள். விசாரணை நடத்திய அதிகாரி செம்மண் போத்தலைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மண் பரிசோதனை முடியும்வரை ஆறு மாதத்துக்கு மரம் வெட்டக் கூடாது என்று எழுதினார். அது வெற்றி என்று சொல்ல முடியாது. ஆனாலும் திரும்பும் வழியில் இருவரும் சுடச்சுட வடை வாங்கி, பஸ் வரும்வரை நின்றபடியே தின்றார்கள்.

நவம்பர் கடைசியில் அந்தப் புயல் மழை வந்தது. இரண்டாம் நாள் காலை ஆறரைக்கு வினோதா சொன்ன இலக்கம் எண்பத்தெட்டு. பத்து மணிக்கு மறுபடி பார்த்து, இன்னும் நாற்பத்தாறு என்றாள். மாவட்டத்திலிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. தில்ருக்ஷியின் போனுக்கு மணி போகவில்லை. கடைக்கு முன்னால் வீதியே ஓடையாகிவிட்டிருந்தது. பத்தரைக்கு வினோதாவிடமிருந்து கடைசிச் செய்தி வந்தது.

"அக்கா, பீலிக்கு மேல தரை வெடிச்சிருக்கு. என் கை உள்ள போகுது. சொன்னேன், ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க. ஜூன் மாசத்தச் சொல்லிச் சிரிக்கிறாங்க. நான் என்ன செய்ய?"

அதோடு இணைப்பு விழுந்துவிட்டது. ஷாமிலா நான்கு முறை முயன்று பார்த்தாள். பிறகு தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தாள். போகாதே என்று ஃபாஸில் சொல்வான் என்று நினைத்தாள். அவன் ஆட்டோச் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னாலேயே வாசலில் நின்றான்.

சின்னமலைக்கு ஆறு கிலோமீற்றர். நான்காவது கிலோமீற்றரில் ஒரு சவுக்கு மரம் வீதிக்குக் குறுக்கே கிடந்தது. ஆட்டோவை விட்டுவிட்டு இருவரும் தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதையில் ஏறினார்கள். படிகளில் தண்ணீர் எதிரே இறங்கி வந்தது. ஷாமிலாவின் ஒரு செருப்பு போனது, அவள் மற்றதையும் உதறிவிட்டாள். மேல்கணக்கை அடைந்தபோது பன்னிரண்டு மணி இருக்கும். மழைக்கு நடுவே வாசலில் வினோதா நின்றிருந்தாள். ஓடி வந்து இரண்டு கைகளாலும் ஷாமிலாவின் முகத்துத் தண்ணீரைத் துடைத்தாள். அந்த மழையில் அதனால் ஒரு பயனும் இல்லைதான்.

மூவரும் வீடுவீடாகப் போனார்கள். டவுனிலிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்த பொம்பளையைப் பார்த்துச் சிலர் உடனேயே பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டத் தொடங்கினார்கள். முதல் லயத்துக் கடைசி வீட்டில் அழகையா மட்டும் அசையவில்லை. தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவர். அவர் சொல்லுக்காக இன்னும் ஏழெட்டு வீடுகள் காத்துக்கொண்டிருந்தன. ஜூனிலும் இதைத்தானே சொன்னீர்கள் என்று அவர் நிதானமாகக் கேட்டார்.

"ஆமா, சொன்னேன்," என்றாள் ஷாமிலா. "அன்னைக்குப் பிழையாப் போச்சு. இன்னைக்கும் பிழையாப் போகட்டும்னு துஆ கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன். நாளைக்கு என்னய வெச்சுச் சிரிங்க, நானும் வந்து சேர்ந்து சிரிக்கிறேன். ஆனா ஒருவேள நான் சொல்றது சரியாப் போனா, அந்த நேரம் நீங்க இதுக்குள்ள இருக்கக் கூடாது."

அவர் அவளுடைய கால்களைப் பார்த்தார். சேற்றுக்கு மேலே அட்டை கடித்த இடங்களிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, சாமிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

இரண்டரைக்கெல்லாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வினோதா பெயர் சொல்லி எண்ணினாள். தொண்ணூற்றொரு பேர். மூன்றே முக்காலுக்குச் சத்தம் கேட்டது. லொறிகள் வரிசையாக வருவதுபோல ஆரம்பித்து, காதால் கேட்காமல் காலால் உணரும் சத்தமானது. யாரும் அலறவில்லை. தாய்மார் பிள்ளைகளின் தலைகளைத் தங்கள் வயிற்றோடு அழுத்திக்கொண்டார்கள்.

மரம் வெட்டிய பக்கத்தால்தான் மண் இறங்கியிருந்தது. முதல் லயத்தின் பாதியையும் பீலியையும் கொண்டுபோய்விட்டது. போன ஆறு வீடுகளில் வினோதாவின் வீடும் ஒன்று. அழகையாவின் கறவை மாடு கொட்டிலோடு போனது. வெட்டாத மரங்களுக்குக் கீழே இருந்த லயம் அப்படியே நின்றது. மரத்தால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது, நிலத்தின் சரிவும் காரணமாக இருக்கலாம் என்று பிற்பாடு வந்த அதிகாரி எழுதினார். மனிதர்களில் ஒருவரும் போகவில்லை.

வகுப்பறை ஒன்றின் வாங்கில் ஷாமிலாவை உட்காரவைத்து, வினோதா உப்புத் தண்ணீரால் அவள் கால்களைக் கழுவினாள். தன் வீடு போன செய்தி அவளுக்கு அப்போது தெரியும். ஷாமிலா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். "சும்மா இருங்கக்கா," என்றாள் வினோதா. "எனக்குக் கைக்கு ஒரு வேல வேணும்." ஷாமிலா காலை நீட்டிக்கொண்டாள். கழுவி முடித்த பிறகும் வினோதா எழவில்லை. ஷாமிலாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். ஷாமிலா அவள் ஈரத் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். பக்கத்து அறையில் ஃபாஸில் பெண்களோடு சேர்ந்து பெரிய சட்டியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மாட்டை நினைத்து அழுதுகொண்டிருந்த அழகையாவுக்கு முதல் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பாதை திறக்க ஒன்பது நாள் ஆனது. அதன் பிறகு நடந்தவை மெதுவாகத்தான் நடந்தன. ஜனவரியிலிருந்து எச்சரிக்கைகள் சிங்களத்தோடு ஒரே நேரத்தில் தமிழிலும் வரத் தொடங்கின. வாசகத்தைச் சரிபார்க்க ஷாமிலாவைக் கேட்டார்கள். காட்டுத் துண்டை வெட்டும் உத்தரவு முற்றாக நிறுத்தப்பட்டது. பாதுகாப்பான இடத்தில் காணி என்பது மட்டும் வாக்குறுதியாகவே இருந்தது. ஆறு குடும்பங்கள் பள்ளிக்கூடத்துக் கட்டடத்திலேயே கிடந்தன. பாடசாலை தொடங்கியபோது வினோதாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஷாமிலாவின் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்தார்கள். வரமாட்டேன் என்று அவள் மூன்று நாள் பிடிவாதம் பிடித்தாள். பெரிய மகளுக்கு இருமல் வந்ததும் சம்மதித்தாள். சாப்பாட்டு வேளைகளில் அந்தச் சின்ன வீட்டில் கேட்ட சத்தத்துக்கு ஃபாஸில் சீக்கிரமே பழகிப்போனான்.

மார்ச்சில் ஒருநாள், காணி கேட்டு நூற்றெண்பது குடும்பங்கள் கையெழுத்திட்ட மனுவோடு இருவரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். மேல்கணக்கு மட்டும் இல்லை, பன்னிரண்டு தோட்டங்களிலும் வெடிப்பு விழுந்த சரிவுகளில் இன்னும் குடியிருக்கும் எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. அதிகாரி வாங்கிக்கொண்டார், அடுத்த மாதம் வரச் சொன்னார். வருவோம் என்றாள் வினோதா. இந்த முறை அவளே சிங்களத்தில் சொன்னாள், பிழை இல்லாமல்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கிடைத்தது. ஒரு வளைவு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். தலை சரிந்து ஷாமிலாவின் தோளில் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஷாமிலாவின் கை மரத்துப்போயிற்று. பைக்குள் போன் அடித்தது, ஃபாஸிலாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. நடத்துநர் பக்கத்தில் வந்து நிறுத்தம் எங்கே என்று கேட்டபோது, அவள் விரலை உதட்டில் வைத்து, இரண்டு பேர், ராகலைக்கு என்று மெல்லச் சொன்னாள்.